கமர் ஜஹான் தட்டிய சாராய வரலாறு

கமர் ஜஹானுக்குக் கேள்வி கேட்காமல் தட்டச்சு செய்ய வராது. மனு கொண்டுவருகிறவர் தாளை நீட்டியதும், அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் வாயில் மூன்று கேள்வி வந்து நிற்கும். பட்டா மாற்றம் கேட்டு வந்தவரிடம் அந்த நிலத்தில் கடைசியாக என்ன விளைந்தது என்று கேட்பாள். ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்ணிடம், பெண் பார்க்க வந்தபோதே அந்த ஆள் இப்படித்தான் இருந்தானா என்று கேட்பாள். கேட்டதெல்லாம் மனுவுக்கு வேண்டியதா என்றால் இல்லை. தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு விரல் ஓடாது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தால் ஒரு வேலையே போயிருக்கிறது. பத்தொன்பது வயதில் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணிவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் சேர்ந்திருந்தாள். நகைத் திருட்டு வழக்கில் மாட்டிய ஒருவர் வந்து, தன் மேல் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டார்கள் என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் தாளை மெஷினில் செருகியபடி, "அட்டிகை இப்போ எங்கங்க இருக்குது?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவரும் அதே வேகத்தில், "வூட்டுல அரிசிப் பானையில இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார் வக்கீல்.

அவளுடைய அப்பா ஷேக் தாவூது கடைத்தெருவில் லுங்கி வியாபாரம் செய்தவர். மகளை அவர் திட்டவில்லை. சேலத்தில் ஏலத்துக்கு வந்த பழைய தட்டச்சு மெஷின் ஒன்றை வாங்கி வந்து, கோர்ட்டுக்கு எதிரே வாகை மரத்தடியில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளையைத் தெருவில் உட்கார வைக்கிறீரே என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "வூட்டுல உக்கார வச்சா என்னைத்தான் கேள்வி கேட்டுக்கினு இருப்பா" என்றார். பிற்பாடு கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஜாபர் அவளைக் கட்டிக்கொண்டார். பகல் முழுக்கப் பேசாத சாமான்களோடு கிடக்கிற மனிதர் என்பதால் அவருக்கு அவளுடைய பேச்சு பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகும் மேசை மரத்தடியிலேயே இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் பிச்சைமுத்து ஒரு மூட்டைக் காகிதத்தோடு அந்த மரத்தடிக்கு வந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஆபீஸ் தட்டச்சர் பிரசவ லீவில் போனதால் அவருடைய வேலையெல்லாம் கமர் ஜஹானிடம் வந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன விஷயம் இது: கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவதை விட்டுவிட்டவர்களுக்குக் கறவை மாடு கொடுக்கப் போகிறார்கள். ஊருக்கு ஒரு மாடு. எந்த ஊரில் யார் பேரில் சாராய வழக்கு ஜாஸ்தியோ, அவருக்குத்தான் அந்த ஊர் மாடு. பட்டியலோடு, மலைச் சாராயம் எப்போது தொடங்கியது, யார் யார் காய்ச்சினார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு வரலாறும் வேண்டும் என்று புதிதாக வந்த அதிகாரி கேட்டிருந்தார்.

"ரெண்டு பக்கம் போதும் கமரு. எதனா போட்டு ரொப்பிடு" என்றார் பிச்சைமுத்து.

"எதனான்னா எப்டிங்க? மொதல்ல காய்ச்சினது யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வரேன்?"

அவர் மூட்டையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கமர் ஜஹானுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

மூட்டைக்குள் இருந்தவை பழைய குற்றப்பத்திரிகை நகல்கள். பாதி அவளே தட்டியவை. மலைக்குக் கீழே இருந்த காவல் நிலையம் ஒன்றில் தட்டச்சர் கிடையாது. ரைட்டர் கையால் எழுதிக் கொடுத்தனுப்புவார், இவள் தட்டிக் கொடுப்பாள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்தான் இருக்கும். 'மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் நானும் காவலர்களும் ரோந்து சென்றபோது, மேற்படி எதிரி ஓடைக்கரையில் ஊறல் போட்டு சாராயம் காய்ச்சிக்கொண்டிருக்க, எங்களைக் கண்டதும் ஓட முயன்றவரை மடக்கிப் பிடித்து' என்று போகும். தேதியும் பேரும் மட்டும் மாறும். அவள் கண்ணை மூடிக்கொண்டே தட்டுவாள்.

இப்போது கண்ணைத் திறந்துகொண்டு ஆராயத் தொடங்கினாள். மரத்தடிக்கு மேற்கிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி சாராயம்தான். வடக்கனந்தலிலிருந்து சாட்சி சொல்ல வந்த ஒருவர், இளவட்டத்தில் கருப்பு வெல்லத்தைத் தலைச்சுமையாக மலைக்கு ஏற்றியவராக இருந்தார். திங்கட்கிழமை ஏறினால் புதன்கிழமை இறங்குவாராம். இறங்கும்போது தலையில் லாரி டியூப் இருக்கும், அதற்குள் இருந்தது காற்று இல்லை என்றார். நைனார்பாளையத்துப் பானைக்காரர் ஒருவர், வாய் குறுகிய பெரிய பானை மட்டும் மலைக்குப் போகும் என்றும், எதற்கென்று தான் ஒரு நாளும் கேட்டதில்லை என்றும் சொன்னார். சாராயத்தைவிட அதுதான் கமர் ஜஹானுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனிதன் முப்பது வருஷம் எப்படிக் கேட்காமல் இருக்க முடியும்?

கரியாலூருக்குக் கடுக்காய் வாங்கப் போய்வருகிற வியாபாரி சொன்ன கதை வேறு. ஆதியில் மலைக்காரர்கள் விற்பதற்குக் காய்ச்சவில்லையாம். சாமையிலோ தினையிலோ திருவிழாவுக்கு என்று ஒரு பானை ஊறவைப்பார்கள், சாமிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை ஊரே குடித்துத் தீர்க்கும். கீழே மதுவிலக்கு வந்த பிறகுதான் கீழ்நாட்டுக்காரர்கள் மலை ஏறிவந்து கேட்க ஆரம்பித்தார்கள். வெல்லமும் அவர்கள் கொண்டுவந்ததுதான்.

கமர் ஜஹான் தாள்களை வருஷவாரியாக மேசையில் பிரித்து வைத்து, காற்றுக்குப் பறக்காமல் கல்லை வைத்தாள். அப்போது ஒன்று தெரிந்தது. எழுபத்தொன்றில் அரசாங்கமே சாராயக் கடை திறந்ததும் மலை வழக்குகள் படுத்துவிட்டன. மூன்று வருஷம் கழித்துக் கடையை மூடினார்கள், தாள்கள் மறுபடி குவிந்தன. எண்பத்தொன்றில் திறந்ததும் கம்மியாகி, பிறகு மூடியதும் எகிறியது. கீழே கடை திறந்திருக்கும்போது மேலே அடுப்பு அணைந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே ஜாபரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

இரண்டாவது கண்டுபிடிப்பு ஒரு பேர். கரியாலூருக்கு மேலே பதினேழு வீடு இருக்கிற சின்ன ஊர் ஒன்றில் மாயவன் என்பவர் மேல் மட்டும் முப்பத்தெட்டு வழக்கு இருந்தது. ஐம்பத்தெட்டில் முதல் வழக்கு, தொண்ணூற்றிரண்டில் கடைசி. அவருக்கு அடுத்தபடி இருந்தவருக்கு ஆறுதான். இவர்தான் மூலம் என்று கமர் ஜஹானுக்கு உறுதியாகிவிட்டது. பெரிய மீசையும் அகலமான தோளுமாக ஒரு ஆள் காட்டுக்குள் ஓடுவது போலவும், போலீஸ் துரத்துவது போலவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வரலாற்றின் இரண்டாம் பக்கத்தில் இப்படித் தட்டினாள்: 'இம்மலையில் இத்தொழிலை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மாயவன் ஆவார்.' அந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஜாபருக்குப் படித்துக் காட்டினாள்.

"முப்பத்தெட்டு தபாவும் மாட்டிக்கினான்னா அவன் இன்னா காய்ச்சறவன்?" என்றார் ஜாபர், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே. "வேற வேலைக்குப் போயிருக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இவர் கேட்டுவிட்டாரே என்றுதான்.

மாடு பெறுகிறவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டிய நாளில், மலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் மாயவன் இறங்கி வந்தார். மீசை இல்லை. ஐம்பத்தைந்து தாண்டிய மெலிந்த ஆள், வெள்ளைத் துண்டு, கையில் ஒரு கழி. இடது கால் வலது காலைவிட நாலு விரல் குட்டை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. பின்னாலேயே அவர் வயதில் ஒரு பெண் வந்து, மேசைக்கு அருகில் வராமல், ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் மாயவனா? காலுக்கு இன்னா ஆச்சுங்க?"

"சின்ன வயசுல கடுக்கா மரத்துலேர்ந்து வுழுந்துட்டங்க. எட்டு வயசு இருக்கும்."

கமர் ஜஹான் தாள்களைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"அப்போ எப்டி ஓடுனீங்க?"

"எங்கங்க ஓடனேன்?"

அவள் ஒரு குற்றப்பத்திரிகையை எடுத்து முழுக்கப் படித்துக் காட்டினாள். மாயவன் கழியில் முகவாயை வைத்துக்கொண்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார். கோர்ட்டில் இதையெல்லாம் வேகமாகப் படித்துவிடுவார்கள், அவர்கள் முடிப்பதற்குள் இவர் 'ஆமாங்க' சொல்லிவிடுவார், அதனால் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை. ஓட முயன்றவரை என்ற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் எங்கம்மா ஓடனேன்? நான்தான் பஸ்ஸு ஏறி டேசனுக்குப் போவேன். அவங்க வர்றதே இல்ல."

பிறகு அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க கமர் ஜஹானுக்கு இரண்டாம் பக்கம் முழுக்கக் கரைந்துபோனது. கீழே காவல் நிலையத்தில் வழக்குக் குறைகிற மாதம் போலீசார் மலைக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஊர் கூடி ஒரு ஆளைக் கொடுக்கும். அதற்குப் பேரே கேஸுக்குப் போறது. ஏர் ஓட்டுகிறவனை அனுப்பினால் ஏர் நிற்கும், தேன் எடுக்கிறவனை அனுப்பினால் தேன் நிற்கும். மாயவனால் ஏரும் பிடிக்க முடியாது, மரமும் ஏற முடியாது. அதனால் இருபது வயதில் அவரே முன்வந்து, தான் போகிறேன் என்றார். அவர் உள்ளே இருக்கிற நாட்களில் அவருடைய காட்டை ஊர் உழுதுவிடும். அவர் வீட்டுக்குச் சாமை போகும், விறகு போகும். பிச்சை இல்லை, அவருடைய வேலைக்கு ஊர் செய்கிற முறை அது.

"ஊருக்கு ஒருத்தன் ஏர் ஓட்றான், ஒருத்தன் ஆடு மேய்க்கறான். நான் கேஸுக்குப் போறேன்" என்றார்.

"அப்போ உங்களுக்குச் சாராயம் காய்ச்சவே தெரியாதா?"

"வாசன பட்டாலே வாந்தி வந்துருங்க."

"பின்ன யாருதான் காய்ச்சினது?"

மாயவன் முகவாயால் ரோட்டோரத்தைக் காட்டினார். கல்லில் உட்கார்ந்திருந்தவள் பெரியம்மாள். மாயவனின் பெரியப்பா மகனைக் கட்டி வந்தவள், புருஷன் செத்து முப்பத்திரண்டு வருஷம். அந்த ஊர் அடுப்பு அவளுடைய கையில்தான் இருந்தது. அவள் காய்ச்சியது என்றால் கீழே ஆள் அனுப்பிக் கேட்பார்களாம். அவள் உள்ளே போனால் ஊருக்கே அடுப்பு நின்றுவிடும் என்று அவளை ஒரு நாளும் அனுப்பவில்லை. மூட்டையில் அவள் பேரில் ஒரு தாள்கூட இல்லை.

பெரியம்மாள் எழுந்து வந்தாள். போன வருஷம் அதிகாரிகள் மலைக்கு வந்து, விட்டுவிடுங்கள், பிழைப்புக்கு வழி செய்கிறோம் என்றபோது அந்த வார்த்தையை நம்பி, இருந்த எட்டுப் பானையையும் அவர்கள் கண்முன்னே உடைத்தவள் அவள் ஒருத்திதான். மற்ற ஊர்களில் ஒன்றை உடைத்துவிட்டு மூன்றை ஒளித்து வைத்தார்கள். ஒரு வருஷமாக வருமானம் இல்லை. ஐப்பசியில் குடகு காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி வரும். மாடு கிடைக்காவிட்டால் இந்த வயதில் அந்த வண்டியில் ஏறுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. மாயவனோ தனக்கு மாடு வேண்டாம், இந்தக் காலோடு அதன் பின்னால் ஏறி இறங்க முடியாது, அண்ணிக்கே கொடுங்கள் என்கிறார். பிச்சைமுத்துவைக் கேட்டதற்கு, வழக்கு இல்லாதவர் பேருக்கு மாடு கிடையாது, பேர் மாற்றவும் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"எம்பேருல ஒரு கேஸு தட்டிக் குடும்மா" என்றாள் பெரியம்மாள். "பழய தேதி போட்டுக் குடு. உனக்குதான் அந்த வாசகம் தெரியுமே."

கமர் ஜஹான் யோசிக்காமல் தாளைச் செருகிவிட்டாள். அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கை போகும். மேற்படி தேதியில், மேற்படி இடத்தில் என்று விரல் தானாக ஓடியது. 'ஓட முயன்றவரை' வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வருகிறவன் போகிறவனையெல்லாம் கேள்வி கேட்கிற தான், இருபது வருஷமாக இந்தத் தாள்களை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லையே என்று இருந்தது. பானைக்காரரைப் பார்த்து ஆச்சரியப்பட்டோமே, நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனாள்.

பிச்சைமுத்து வழியிலேயே மறித்தார். "உன் கேள்வியால மலையே உள்ள போயிடப் போவுது பாரு. போலீசு, நானு, எல்லாரும் சேந்து போவோம்."

"உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டங்க. நீங்க மூட்டைய மட்டும்தான கொண்டாந்தீங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அதிகாரி சின்ன வயது, மூக்குக்கண்ணாடி. மாட்டுக்காகக் கதை கட்டுகிறவர்களை அவர் அந்த வாரத்தில் நிறையப் பார்த்திருந்தார். வழக்கு உள்ளவர் காய்ச்சவில்லை, காய்ச்சினவருக்கு வழக்கு இல்லை என்று கமர் ஜஹான் சொன்னதை அவர் நம்பவில்லை. மாயவனை எதிரே நிற்க வைத்து, "எப்படிக் காய்ச்சுவீங்க, சொல்லுங்க" என்றார். பெரியம்மாள் கதவோரம் நின்றாள்.

மாயவன் முப்பத்தெட்டு தடவை கோர்ட்டில் பொய் சொன்னவர். ஆனால் அங்கே ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. இங்கே திணறினார்.

"ஊறல் எத்தனை நாள்?"

"ரெண்டு நாளு இருக்குங்க."

"பட்டை எவ்வளவு போடணும்?"

"ஒரு மூட்ட போடுவாங்க."

கதவோரத்தில் இருந்தவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஒரு மூட்ட பட்டய போட்டா அத மனுசன் குடிப்பானா? நாக்கே செத்துரும்" என்றபடி உள்ளே வந்துவிட்டாள். ரெண்டு நாளில் பானை தூங்கித்தான் கிடக்கும் என்றாள். சித்திரை வெயிலுக்கு ஒரு நாள் கணக்கு, மார்கழிக் குளிருக்கு வேறு கணக்கு. நாளை எண்ணுகிறவர்கள் கெடுத்துவிடுவார்கள், அவள் பானையில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே சோறு கொதிக்கிற மாதிரி வரும் சத்தம் அடங்கிவிட்டால்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். வேலம்பட்டை எந்தப் பக்கத்து மரத்தில் உரிக்க வேண்டும், மேல்பானைத் தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும், முதலில் இறங்குகிற கொஞ்சத்தை ஏன் மண்ணில் கொட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த முதல் துளியைக் கொட்டாமல் விற்றவர்களைப் பற்றிப் பேசும்போது அவளுடைய முகம் சிவந்துபோனது. தான் ஊற்றியதைக் குடித்து ஒருவன்கூடப் படுத்ததில்லை என்றாள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் கமர் ஜஹானும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். மேசையில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பறேம்மா. இவரு விட்டுக் கொடுத்தா நான் பேர மாத்திக்கலாம். ஆனா அதுக்கும் விதி இருக்கு. ஒரு வழக்காவது தீர்ப்பாகி இருந்தாதான் மாட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியும்."

"அப்போ போடுங்க" என்றாள் பெரியம்மாள்.

"உள்ள போக வேண்டி வரலாம்."

"போறங்க."

முட்டிவலிக்குத் தேய்க்க என்று அவள் கால் பாட்டில் சாராயம் மிச்சம் வைத்திருந்தாள். மறுநாள் அதை மடியில் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, காவல் நிலையத்தில் தானே மேசை மேல் வைத்தாள். ரைட்டருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பழகிய வாசகம் எதுவும் பொருந்தவில்லை. கமர் ஜஹானிடம் தாள் வந்தபோது அதில் நாலே வரிதான் இருந்தது. எதிரி தானே வந்து ஒப்படைத்தார் என்று எழுதியிருந்தது. இருபது வருஷத்தில் யாரும் ஓட முயலாத முதல் குற்றப்பத்திரிகை அது. அவள் ஒரு எழுத்துகூடப் பிசகாமல், நிதானமாகத் தட்டினாள். அந்த வாரமே வரலாற்றின் இரண்டாம் பக்கத்தையும் திருத்தி எழுதினாள். முதன்மையானவர் என்ற வரியில் பேரை மாற்றிவிட்டு, அதற்குக் கீழே, வழக்குகளை வைத்து இந்த மலையின் வரலாற்றை எழுத முடியாது என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

கோர்ட்டில் பெரியம்மாளின் பேரைக் கூப்பிட்டபோது, கூட வந்திருந்த மாயவன் பழக்கதோஷத்தில் கூண்டை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டார். டவாலி போட்ட கோர்ட் சேவகர் அவரைப் பிடித்து நிறுத்தினார். பெரியம்மாள் ஏறி நின்றாள். கேட்டதற்கு, "ஆமாங்க, நான்தாங்க" என்றாள். மாஜிஸ்திரேட் தாளை இரண்டு முறை படித்தார், அவளுடைய வயதைக் கேட்டார். கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் தண்டனை. தீர்ப்பு நகலுக்கு அன்றே மனுப் போட்டு வாங்கி, ஒன்றை மாயவனிடம் கொடுத்தார் பிச்சைமுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை மாடு என்று அதிகாரியிடமிருந்து சொல்லும் வந்துவிட்டது.

பதினொரு மணியிலிருந்து பெரியம்மாள் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கமர் ஜஹான் மத்தியானம் மேசையை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாடு கிடைத்ததே, இவள் சந்தோஷமாக இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. என்ன என்று கேட்டாள்.

"ஒரு நாளு குந்திக்கினு இருக்கறதுக்கே இப்டி இருக்குதும்மா" என்றாள் பெரியம்மாள். "ஜன்னலப் பாத்தா வெயிலு தெரியுது. எழுந்து போவ முடியல. அறுபத்தெட்டுல மாயவனுக்கு மூணு மாசம் போட்டுட்டாங்க. அப்போ அவன் பொண்டாட்டிக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பதினோரு நாளு இருந்துச்சு, போயிடுச்சு. நான்தான் குளிப்பாட்டி எடுத்துக்கினு போயி பொதச்சேன். அவன் வந்தான். ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல. எப்டிச் சொல்றது? என் அடுப்புக்குப் போனவன்தான?"

கமர் ஜஹான் பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட் கலைந்து வெளியே வந்தபோது மாயவன் வாகை மரத்தடியில், நகலை நாலாக மடித்து வேட்டியில் செருகிக்கொண்டு காத்திருந்தார். மலை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மாட்டைக் கட்ட எந்தப் பக்கம் கொட்டகை போடலாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பெரியம்மாள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாயவா, அந்தப் புள்ள உன்ன மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். "காது ரெண்டும் பெருசு. வெரலு நீளம். அழவே இல்ல, பாத்துக்கினே இருந்துச்சு."

மாயவன் கழியைத் தரையில் வைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"முடி இருந்துச்சா அண்ணி?"

"இருந்துச்சு. நெத்தி வரைக்கும் இருந்துச்சு. தண்ணி தொட்டு சீவி வுட்டுட்டுதான் படுக்க வச்சேன்."